மொட்டைப்புளிக்கு எந்த பஸ்?

(தலைப்பு: 'பழைய ஊர்ப் பெயர்கள் மறைந்து போகக் காரணம் அன்று ஆண்டவர்களா? இன்று வாழ்பவர்களா?' நாமகிரிப்பேட்டையில் நடந்த பொங்கல் பட்டிமன்றத்தில், 'இன்று வாழ்பவர்களே' என்ற அணியில் பேசியது.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, என் அணித் தலைவர் அவர்களே, வெள்ளைக்காரனை வெளுத்து வாங்கிவிட்டு இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்து அமர்ந்திருக்கும் எதிரணி அம்மையார் அவர்களே, அறுப்பு வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் நாமகிரிப்பேட்டைப் பெருமக்களே!

அம்மையார் நன்றாகப் பேசினார். நான் மறுக்கவில்லை. திருச்சிராப்பள்ளியை டிரிச்சினாப்பள்ளி ஆக்கினான், தூத்துக்குடியை டூட்டிகோரின் ஆக்கினான், தரங்கம்பாடியை டிராங்குபார் ஆக்கினான் என்று அடுக்கினார். அடுக்கும்போது அவர் முகத்தில் இருந்த கோபத்தைப் பார்த்து எனக்கே பயமாகப் போய்விட்டது. நல்லவேளை, நான் வெள்ளையாக இல்லை. (சிரிப்பு)

ஆனால் அம்மா, ஒரே ஒரு கேள்வி. அவன் டிரிச்சினாப்பள்ளி என்று எழுதினானே, உறையூர்க்காரர் யாராவது அப்படிச் சொன்னாரா? 'எங்க போறீங்க' என்று கேட்டால் 'திருச்சிக்குப் போறேன்' என்றுதானே சொன்னார்? கடலூர் மாவட்டத்தில் பரங்கிப்பேட்டை இருக்கிறது. போர்ச்சுகீசியன் வந்தான், போர்ட்டோ நோவோ என்று பேர் வைத்தான். 'புதுத் துறைமுகம்' என்று பொருள். நம்ம ஆள் என்ன செய்தான்? 'நீ எதையாவது வச்சுக்கோ, பரங்கிக்காரன் இருக்கிற பேட்டை, அதனாலே பரங்கிப்பேட்டை' என்று சொல்லிவிட்டான். 1830 வாக்கில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற கும்பினி அதிகாரி அங்கே இரும்பு உருக்கும் ஆலை வைத்தார். நம்ம சேலத்து மலையிலிருந்துதான் இரும்புக்கல் போனது. ஆலை போய்விட்டது, ஹீத் போய்விட்டார், போர்ட்டோ நோவோவும் போய்விட்டது. பரங்கிப்பேட்டை இருக்கிறது! யார் பெயர் செத்தது அம்மா? ஆண்டவன் வைத்த பெயர்தானே செத்தது? (கைதட்டல்)

இன்னும் கொஞ்சம் தூரம் போகலாம். ஆஸ்திரேலியாவின் நடுப் பாலைவனத்தில் செக்கச்செவேல் என்று ஒரு பெரும்பாறை. அனாங்கு என்ற பழங்குடி மக்கள் அதை உலுரு என்பார்கள். 1873-இல் வில்லியம் காஸ் என்ற நில அளவைக்காரர் வந்தார். பாறையைப் பார்த்தார். அந்த மாகாணத்தின் பெரிய அதிகாரி ஹென்றி அயர்ஸ் பெயரை அதற்குச் சூட்டிவிட்டார், அயர்ஸ் ராக் என்று. நூறு வருஷத்துக்கு மேல் வரைபடத்தில் அதுதான் பெயர். ஆனால் அனாங்கு மக்கள் வீட்டுக்குள்ளே என்ன சொன்னார்கள்? உலுரு என்றே சொன்னார்கள். பிள்ளைக்குச் சொன்னார்கள், பேரனுக்குச் சொன்னார்கள். 1985-இல் நிலம் அவர்கள் கைக்குத் திரும்பியது. 1993-இல் அரசு இரட்டைப் பெயராக அறிவித்தது. 2002-இல் உலுரு முன்னாலே வந்துவிட்டது, அயர்ஸ் பின்னாலே போய்விட்டார். ஆண்டவன் மாற்றினால் என்ன, வாழ்கிறவன் வாயிலே இருந்தால் பெயர் திரும்பி வரும். வாயிலே இல்லாவிட்டால் கெஜட்டிலே போட்டாலும் வராது.

கெஜட் என்றதும் ஞாபகம் வருகிறது. 2020 ஜூனில் நம்ம அரசு ஓர் ஆணை போட்டது. தமிழ்நாட்டில் 1,018 ஊர்ப் பெயர்களை இங்கிலீஷிலும் தமிழ் உச்சரிப்பு மாதிரியே எழுத வேண்டும் என்று. நல்ல எண்ணம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் வேலூர் என்பதற்கு அவர்கள் போட்ட எழுத்தைப் படித்தால் 'வீலூர்' என்று வந்தது! (சிரிப்பு) சில நாளிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அந்தச் சில நாளும் டீக்கடையில் என்ன பேச்சு? அந்த எழுத்து சரியா, இந்த எழுத்து சரியா என்று. நான் கேட்கிறேன், வேலூருக்கும் கோயம்புத்தூருக்கும் என்ன ஆபத்து? அவை பெரிய ஊர்கள், பிழைத்துக்கொள்ளும். உங்க காட்டுக்குப் பக்கத்துக் கரட்டுக்கு என்ன பேர்? அதைப் பற்றி எந்த டீக்கடையிலாவது சண்டை நடந்ததா?

இந்த ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். நாமகிரித் தாயார் பெயரைத் தாங்கி நிற்கிற பேட்டை. நாதசுர மேதை கிருஷ்ணன் தன் பெயருக்கு முன்னால் இந்த ஊர்ப் பெயரைப் போட்டுக்கொண்டு உலகமெல்லாம் வாசித்தார். அவ்வளவு அழகான பெயர். இன்றைக்கு ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன், ஒரு பஸ் வருகிறது, கண்ணாடியில் எழுதியிருக்கிறது: 'நா.பேட்டை'. வெள்ளைக்காரனா எழுதினான்? இடம் பத்தவில்லையாம்! 'அதிவேகம் இடைநில்லா சொகுசு' என்று எழுத இடம் இருக்கிறது, நாமகிரிக்கு இடம் இல்லை. (சிரிப்பு, கைதட்டல்)

கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களைப் பாராட்டவும் செய்கிறேன். இது மஞ்சள் ஊர். ஏலத்துக்கு மூட்டை வந்தால் 'மஞ்சள்' என்று மட்டும் சொல்லி விட்டுவிடுவீர்களா? விரலி என்பீர்கள், உருண்டை என்பீர்கள், பனங்காளி என்பீர்கள். ஒரு பெயர்கூட மறக்கவில்லை. ஏன் மறக்கவில்லை? பெயரை மறந்தால் குவிண்டாலுக்கு ஆயிரக்கணக்கில் போய்விடும்! காசு இருக்கிற இடத்தில் பெயர் இருக்கிறது. என் கட்சி இதுதான் நடுவர் அவர்களே. நமக்கு வேண்டியதாக இருக்கிற வரைக்கும் பெயர் இருக்கும். வேண்டாம் என்று நாம் நினைத்த அன்றைக்கே அது போய்விடும். இதற்கு ஆட்சி மாற வேண்டியதில்லை.

இப்போது சேலத்துக்கு வருகிறேன். அங்கேதான் என் வழக்கு இருக்கிறது.

சேலம் ஜங்ஷனை விட்டு வடக்கே ரயில் கிளம்பினதும் ஒரு சின்ன ஸ்டேஷன் வரும். மேக்னசைட் ஜங்ஷன் என்று பெயர். உலகத்தில் எத்தனை ஸ்டேஷனுக்குக் கல்லின் பெயர் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நம்ம ஊரில் இருக்கிறது. அந்தப் பக்கம் பூமியெல்லாம் வெள்ளை வெள்ளையாக நரம்பு ஓடியிருக்கும். ஏற்காடு அடிவாரத்திலிருந்து பார்த்தால் மலைமேல் சுண்ணாம்பு கொட்டின மாதிரி இருக்கும். வெள்ளைக்காரன் பார்த்தான். இங்கிலாந்தில் அவன் ஊரில் சாக்கட்டி மலை உண்டு. 'இதுவும் அதே' என்று நினைத்து சாக் ஹில்ஸ் என்று பெயர் வைத்தான். 1864-இல் வில்லியம் கிங், ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற இரண்டு மண்ணியல் அறிஞர்கள் சேலம் ஜில்லாவைச் சுற்றிப் பார்த்து எழுதிய அறிக்கையிலும் சாக் ஹில்ஸ்தான்.

ஆனால் அது சாக்கு இல்லை. சாக்குக் கட்டியில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் உடனே நுரைக்கும். இந்தக் கல்லில் பிழிந்தால் சும்மா இருக்கும். இது வேறு கல். மக்னீசியம் உள்ள கல். இதைச் சுட்டுச் செங்கல் செய்து, இரும்பு உருக்கும் உலைக்குள் பதிப்பார்கள். அந்தச் சூட்டிலும் உருகாது. ஆக, பெயரே தப்பு. தப்பான பெயரை வைத்துவிட்டு அவன் போய்விட்டான். இன்றைக்கும் அது சாக் ஹில்ஸ்தான். இங்கே எதிரணி கைதட்டலாம், 'பார், ஆண்டவன்தான் கெடுத்தான்' என்று.

தட்டாதீர்கள், பொறுங்கள். அவன் மலைக்கு ஒரு பெயர் வைத்தான். அந்த மலைக்குள்ளே எங்கள் அம்மாயி வீட்டுக்காரர்கள் நூறு பெயர் வைத்திருந்தார்கள். அந்த நூறு எங்கே போச்சு?

எங்கள் அம்மா பிறந்தது அந்த வெள்ளைக்கல் சுரங்கத்துப் பக்கம் ஒரு சின்ன வளவு. பதினஞ்சு வீடு இருக்கும். அப்புச்சிக்கு நாலு ஏக்கர் மானாவாரி. சோளம், கம்பு, அவரை. மழை இல்லாத வருஷம் அம்மாயி கல்லுடைக்கப் போகும். வெட்டியெடுத்த கல்லில் வெள்ளையோடு வேறு கல் ஒட்டியிருக்கும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி, வெள்ளையைத் தனியே எடுத்துக் கூடையில் போடுவார்கள். அம்மாயி கண்ணை மூடிக்கொண்டு தட்டும். 'சத்தத்துலயே தெரிஞ்சிரும் சாமி, நல்ல கல்லு கணீர்னு சொல்லும்' என்னும். கை இரண்டும் எப்போதும் வெள்ளையாக இருக்கும். சின்னப் பிள்ளையாக நான், அம்மாயி எந்நேரமும் கோலம் போடுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முழுப் பரீட்சை லீவுக்கு அங்கே போவேன். அம்மாயி என்னை வேலைக்கு அனுப்பும். எப்படி அனுப்பும் தெரியுமா? 'மொட்டப்புளிக்குப் போயி மாமனுக்குக் கஞ்சி குடுத்துட்டு, வரும்போது குறத்திபாறையில ஆடு நிக்குதான்னு பார்த்துட்டு, ஊத்துப்பள்ளத்து வழியா வந்துரு. சுடுகல்லு மேட்டுப் பக்கம் போகாத.' இது ஒரு வாக்கியம். இதுக்குள்ளே நாலு பெயர். இந்த நாலும் எந்த மேப்பிலும் கிடையாது. மொட்டைப்புளிக் காடு என்பது எங்கள் நாலு ஏக்கர். எப்பவோ இடி விழுந்து தலை போன ஒரு புளியமரம் அங்கே நின்றதாம். அந்த மரத்தை அம்மாயியே பார்த்ததில்லை. மரம் போய்ப் பல காலம் ஆகியும் பெயர் நின்றது. பத்து வயசுப் பையன், வெளியூர்க்காரன், அந்தப் பெயர்களைப் பிடித்துக்கொண்டே தனியாகப் போய்த் தனியாக வந்துவிடுவேன். ஒருநாள்கூட வழி தப்பினதில்லை.

பிறகு குழி வளர்ந்தது. குறத்திபாறை போனது. பாறையே போய்விட்டால் பெயர் எதன் மேலே உட்காரும்? ஊத்துப்பள்ளம் கழிவுக்கல் கொட்டி மேடாகிவிட்டது. பள்ளம் மேடான பிறகு அதைப் பள்ளம் என்று கூப்பிடக் கூச்சமாக இருக்காதா? எங்கள் நாலு ஏக்கரில் இரண்டு சுரங்கத்துக்குப் போனது. வளவில் பாதி வீடு சேலம் டவுனுக்குப் போனது. சரி, வாழ்வுக்கு வேலை வேண்டும், நாட்டுக்கு இரும்பு வேண்டும், உலைக்குக் கல் வேண்டும். சுரங்கமே கூடாது என்று பேச நான் வரவில்லை. அம்மாயி அந்தக் கல்லைத் தட்டின கூலியில்தான் என் அம்மாவுக்கு முதல் பட்டுப்புடவை. நான் கேட்பது, கல்லை வெட்டினார்கள், பெயரை யார் வெட்டினார்கள்?

எதிரணி அன்பர் ஒருவர் சிரிக்கிறார். 'பாறை போச்சு, பெயரும் போச்சு, இதிலே வாழ்கிறவன் என்ன செய்வான்' என்கிறார் போல. ஐயா, கோலாருக்கு வாருங்கள்.

கோலார் தங்க வயல். வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து நம்ம ஜனங்கள் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். 1880-இலிருந்து ஜான் டெய்லர் கம்பெனி அங்கே ஆண்டது. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போய்த் தங்கம் எடுத்தான் தமிழன். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை மூடிவிட்டார்கள். தங்கம் போச்சு. கூலி போச்சு. குழிக்குள் தண்ணீர் நிறைந்துவிட்டது. பெயர் போனதா? இன்றைக்கு விடியற்காலையில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிற ரயிலில் ஏறிப் பாருங்கள். மாரிகுப்பம், சாம்பியன், உரிகாம், கோரமண்டல் என்று ஸ்டேஷன் வரும். சாம்பியன் என்பது விளையாட்டில் ஜெயித்தவன் இல்லை. பூமிக்குள் ஓடிய தங்க நரம்புக்குப் பெயர் சாம்பியன். அந்த நரம்பு தீர்ந்துவிட்டது, 'சாம்பியன்ல ஏறிக்கிறேன்' என்று இன்றும் போனில் சொல்கிறான் ஒரு பையன். வெள்ளைக்காரன் வைத்த பெயர்தான். ஆனால் தாத்தன் இறங்கின குழியின் பெயர் என்பதால் அவன் விடவில்லை. (கைதட்டல்)

நெய்வேலி வேறு மாதிரி. 1957-இல் நேரு வந்து தொடங்கி வைத்த நிலக்கரிச் சுரங்கம். கிராமங்களை எடுத்து அழகான நகரம் கட்டினார்கள், வட்டம் வட்டமாக. அங்கே போய் ஒரு பையனிடம் 'தம்பிக்கு எந்த ஊர்' என்று கேட்டால் நம்பர் சொல்கிறான். 'பிளாக் இருபது சார்.' வேலுடையான்பட்டு என்ற பெயர் மட்டும் கணீரென்று நிற்கிறது. ஏன்? அங்கே முருகன் கோயில் இருக்கிறது, பங்குனி உத்திரத்துக்குக் காவடி தூக்குகிறார்கள். தூக்குகிறவன் தோளில் பெயரும் சேர்ந்து போகிறது.

இதே ஆஸ்திரேலியாவில் கூபர் பீடி என்று ஓர் ஊர் இருக்கிறது. 1915-இல் அங்கே ஓபல் கல் கிடைத்தது. வெயிலுக்குப் பயந்து இன்றும் பூமிக்குள்ளே குடைந்து வீடு கட்டி வாழ்கிறார்கள். அந்தப் பெயர் பழங்குடிச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். 'வெள்ளைக்காரன் பொந்து' என்று பொருள் சொல்வார்கள். தோண்டினவன் அவன், பெயர் வைத்தவர்கள் வேடிக்கை பார்த்த மண்ணின் மக்கள்! அவன் அதையே ஊர்ப் பெயராக எழுதிக்கொண்டான். நமக்கு அந்தத் துணிச்சல்கூட இல்லை. நம்ம வீட்டுக் கல் தோண்டின குழிக்கு ஒரு பெயர் வைக்கத் தோன்றவில்லையே!

கல் என்றதும் நம்ம நாமக்கல் மாவட்டத்துச் செய்தி ஒன்று. நடுவர் அவர்கள் மணிமேல் கை வைக்கிறார், சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். பரமத்திவேலூர்ப் பக்கம் சித்தம்பூண்டி. அந்த ஊர்ப் பாறையும் நிலாவின் பாறையும் ஒரே சாதி. சந்திரயானுக்காக நிலா மண் மாதிரி மண் வேண்டும் என்று இஸ்ரோ தேடினபோது, சித்தம்பூண்டியிலிருந்தும் குன்னமலையிலிருந்தும் பாறை எடுத்துப் பொடித்து, பெங்களூரில் பரப்பி, அதன் மேலே வண்டியை ஓட்டிப் பார்த்தார்கள். 2023 ஆகஸ்டில் நிலாவில் இறங்கியதற்கு நம்ம ஊர் மண்ணும் ஒரு காரணம். அதே சித்தம்பூண்டியில் அந்தக் காலத்திலிருந்து ஒரு கல் தோண்டினார்கள். வைரத்துக்கு அடுத்த கடினமான கல். தூளாக்கி அரக்கில் கலந்து சாணைக்கல் செய்வார்கள். அதற்குக் குருந்தம் என்று பெயர். வெள்ளைக்காரன் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு போய் 'கொரண்டம்' ஆக்கினான். இன்றைக்குப் பல மொழிப் பாடப் புத்தகங்களில் அதுதான் பெயர். மாணிக்கமும் நீலமும்கூட அந்தக் கல்லின் வகைதான். என் வகுப்பில் எம்.ஏ. தமிழ் படிக்கிற பிள்ளைகளிடம் கேட்டேன், குருந்தம் என்றால் என்ன? ஒரு பெண் எழுந்து 'மரம் ஐயா' என்றது. சரிதான், குருந்த மரம் இருக்கிறது, மார்க் போட்டேன். கல் என்று ஒருவரும் சொல்லவில்லை. கொரண்டம் என்றேன், பின் பெஞ்சில் ஒரு பையன், 'மொபைல் கேமரா கண்ணாடிக்குப் போடுவாங்களே சார்' என்றான்! அவன் வாங்கிக்கொண்டு போனதை வைத்திருக்கிறான் நடுவர் அவர்களே. நாம்தான் கொடுத்துவிட்டு மறந்துவிட்டோம். (கைதட்டல்)

இதுவரைக்கும் ஊரைக் குற்றம் சொன்னேன். இனிக் குற்றவாளியைக் காட்டுகிறேன். எதிரணி தேட வேண்டாம், மேடையிலேயே நிற்கிறான்.

நான் முனைவர் பட்டம் வாங்கினது எதற்குத் தெரியுமா? சங்க இலக்கியத்தில் இடப்பெயர்கள்! ஐந்து வருஷம். கொல்லி மலை எத்தனை பாட்டில் வருகிறது, தகடூர் எங்கே வருகிறது, ஊர் என்று முடிவது எத்தனை, குன்றம் என்று முடிவது எத்தனை என்று அட்டை அட்டையாக எழுதி, செருப்புப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தேன். அந்தச் செருப்புப் பெட்டி இருந்த அதே அறையில் கட்டிலில் படுத்திருந்தது அம்மாயி. ஒருநாள் கேட்டது, 'என்ன சாமி எழுதற?' நான் சொன்னேன், 'பழைய ஊர்ப் பேரெல்லாம் எழுதறேன் அம்மாயி.' அது சொன்னது, 'எனக்கும் நெறைய பேரு தெரியும், சொல்லட்டா?' நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'அதெல்லாம் இல்ல அம்மாயி, இது ரெண்டாயிரம் வருஷத்துப் பேரு.'

(அமைதி)

அது ஒன்றும் பேசவில்லை. திரும்பிப் படுத்துக்கொண்டது. அடுத்த வருஷம் போய்ச் சேர்ந்தது.

2004-இல் மிச்சமிருந்த இரண்டு ஏக்கரையும் விற்றோம். அம்மாவுக்கும் மாமாவுக்கும் பங்கு. பத்திரம் எழுதுகிற பெரியவர் பழைய பத்திரத்தைப் படித்தார். அதிலே செக்குபந்தியோடு தெளிவாக இருக்கிறது, 'மொட்டைப்புளிக் காடு என்று வழங்கும் புஞ்சை'. அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கேட்டார், 'காட்டுப் பேரும் சேர்த்துப் போடட்டுங்களா சார்?' எனக்கு மத்தியானம் வகுப்பு இருந்தது. 'சர்வே நம்பர் போதுங்க' என்றேன். இடப்பெயரில் டாக்டர் பட்டம் வாங்கினவன் வாயால் அந்த இடப்பெயர் முடிந்தது. எந்தத் துரை என் கையைப் பிடித்தான்? எந்தக் கலெக்டர் ஆணை போட்டார்?

பன்னிரண்டு வருஷம் கழித்து, 2016. அம்மா ஆஸ்பத்திரியில். நினைவு வருகிறது, போகிறது. சாயங்காலம் ஆனால் ஒரே பேச்சு. 'மொட்டப்புளிக்குக் கூட்டிட்டுப் போங்க. மொட்டப்புளிக்குப் போகணும்.' பக்கத்தில் இருந்தது என் மகள். காலேஜ் படிக்கிற பெண், நல்ல பிள்ளை, பாட்டிமேல் உயிர். அது என்ன செய்தது? பாட்டி ஏதோ புளி கேட்கிறது, வாய்க்கு உறைப்பாக வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்து, வீட்டுக்கு ஓடிப்போய்ப் புளிச்சோறு கிளறிக்கொண்டு வந்து ஊட்டியிருக்கிறது. நான் வகுப்பு முடித்து வந்தேன். அம்மா வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டுகிறது, வேண்டாம் வேண்டாம் என்று. பேத்தி கரண்டியோடு அழுகிறது. 'என்னப்பா பாட்டி, அதுவே கேட்டுச்சு, அதுவே வேண்டாங்குது.'

அவளைச் சொல்லி என்ன குற்றம்? நான் அவளுக்குத் தகடூர் சொல்லியிருக்கிறேன், கொற்கை சொல்லியிருக்கிறேன், மொட்டைப்புளி சொன்னதில்லை. அன்றைக்கு ராத்திரி அம்மாவிடம் குனிந்து சொன்னேன், 'போலாம்மா, காலையில போலாம்.' எங்கே கூட்டிப் போவேன்? அங்கே இரண்டு ஏக்கரில் கம்பி வேலி, மீதி இரண்டு ஏக்கரில் தென்னை மர ஆழத்துக்குக் குழி, குழிக்குள் பச்சைத் தண்ணீர். ஆட்டோக்காரரிடம் என்ன பெயர் சொல்லி வண்டி கேட்பேன்?

காலையில் அம்மா இல்லை.

நடுவர் அவர்கள் மணி அடித்துவிட்டார். ஒரு நிமிஷம் கொடுங்கள் ஐயா.

போன மாதம் மாமாவைப் பார்க்கப் போனேன். எண்பத்தாறு வயசு. காது கேட்காது, கண் நன்றாகத் தெரியும். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொண்டு போனேன். மகளும் வந்தாள். குழி ஓரமாக வேலிக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். அவர் கையை நீட்டி நீட்டிச் சொல்கிறார், அங்கே எதுவுமே இல்லை, வெறும் ஆகாயத்தைக் காட்டுகிறார். 'அதா, அங்க குறத்திபாற. அதுக்கு இந்தாண்ட கழுதகட்டி மேடு. உப்பு வண்டிக் கழுதைங்க நிக்கும். அது ஊத்துப்பள்ளம், கோடையில ஊத்துத் தோண்டுவோம். அது பெரியவூட்டுக் களம்...' மகள் எழுதுகிறாள். அவள் காலேஜ் கையெழுத்தில் பதினோரு பெயர் வந்தது. மொட்டைப்புளி முதல் பெயர், அவளே கோடு போட்டு எழுதினாள்.

பன்னிரண்டாவதாக ஓர் இடம். கிணற்றுக்குக் கிழக்கே ஆள் உயரத்துக்கு ஒரு வெள்ளைப் பாறை, வெயில் நேரத்தில் அம்மாயி அதன் நிழலில்தான் உட்காருமாம். எனக்கும் ஞாபகம் இருக்கிறது. நானும் மடியில் படுத்திருக்கிறேன். 'அதுக்கு என்ன பேரு மாமா?' என்று காதுக்குள் கத்தினேன். அவர் கையை நீட்டினபடியே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

'பேரு இருந்துச்சு மாப்ள' என்றார்.

(கைதட்டல்)